கெடு மாறக் கூடாது, மாணவர் கெஞ்சவும் கூடாது

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழிக் கல்வி மையத்தில் பாட வடிவமைப்புப் பணியில் இருக்கிறேன். பாடம் நடத்துவது என் வேலை இல்லை. பேராசிரியர்கள் எழுதித் தருவதையும் பேசிப் பதிவு செய்வதையும் மாணவர் படிக்கக்கூடிய வடிவத்தில் மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் ஏற்றுவது, ஒப்படைப்புகளுக்கு, அதாவது அசைன்மென்ட்களுக்கு, கெடு வைப்பது, மதிப்பெண் கணக்கு ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது, பருவம் முழுவதும் வந்து சேரும் மின்னஞ்சல்களைப் படிப்பது ஆகியவை என் பொறுப்பு. இந்த வேலையில் ஒரு வாக்குவாதம் ஓயவே ஓயாது. எல்லாத் தாள்களும், அதாவது எல்லாப் பாடங்களும், ஒரே அச்சில் இருக்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்லும். என் பாடம் அந்த அச்சுக்குள் அடங்காது என்று பேராசிரியர் சொல்வார். இரண்டு நாள் தள்ளிக் கொடுங்கள் என்று மாணவர் எழுதுவார்.

மூவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒழுங்கைக் கூட்டினால் நெகிழ்வு குறையும், நெகிழ்வைக் கூட்டினால் ஒழுங்கு கெடும் என்று ஒரே தராசில் வைத்துப் பேசுவதால்தான் பேச்சு நகர்வதில்லை. எது எங்கே இருக்கிறது, எப்போது முடிகிறது, எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பவை எல்லாத் தாள்களிலும் மாறாமல் இருக்க வேண்டும். பாடம் எந்த வரிசையில் விரிகிறது, கற்றதை மாணவர் எந்த வடிவில் காட்டுகிறார் என்பவற்றை ஆசிரியரிடமும் மாணவரிடமும் விட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நெகிழ்வு என்பதே எல்லோருக்கும் முன்கூட்டி எழுதிவைத்த விதியாக இருக்க வேண்டும். கேட்பவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகையாக இருக்கக் கூடாது. நான் வாதாட விரும்புவது இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான். ஆனாலும் முதலிலிருந்தே வருகிறேன்.

சான்றிதழ் ஒன்றை வாங்க மையத்துக்கு வந்திருந்த ஒரு மாணவியை உட்காரச் சொல்லி, இந்த வாரம் என்னென்ன ஒப்படைக்க வேண்டும் என்பதை உங்கள் போனில் எனக்குக் காட்டுங்கள் என்று கேட்டேன். அவர் திருப்பூர்ப் பக்கம் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு எழுதுபவர். போனை எடுப்பதற்கு முன்பு பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். தாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். முதல் தாளில் அந்தந்த வாரத்தின் தலைப்புக்குள் ஒப்படைப்பு இருக்கும். இரண்டாவதில் ‘அசைன்மென்ட்’ என்று தனிப் பெட்டி. மூன்றாவதில் பிடிஎஃப் கோப்பின் கடைசிப் பக்கத்தில் கேள்விகள். நான்காவதில் பேராசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். ஐந்தாவதில் அறிவிப்புப் பகுதியில் கீழே போய்த் தேட வேண்டும். இத்தனையையும் தானே கண்டுபிடித்து, பேனாவால் அம்புக்குறி போட்டு எழுதி வைத்திருந்தார். “இந்த நோட்டு இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் பிடிபடாது மேடம்” என்றார்.

அந்த நோட்டுக்குள் போன உழைப்பு அத்தனையும் படிப்புக்குப் போயிருக்க வேண்டியது. வேலை முடிந்து, சமையல் முடிந்து, இரவு பத்து மணிக்குப் போனைத் திறக்கிறவருக்குக் கிடைப்பதே ஒரு மணி நேரம். அதில் கால்மணி நேரத்தைத் தேடுவதிலேயே செலவழிக்க வைப்பது அநியாயம். பேருந்து நிலையத்தில் எந்த ஊர்ப் பஸ் எந்த நடைமேடையில் நிற்கும் என்பது தினமும் மாறினால் பயணி என்ன பாடுபடுவாரோ, அதே பாடுதான் இதுவும்.

ஆகவே எல்லாத் தாள்களுக்கும் பொதுவாகச் சிலவற்றை நிலைப்படுத்தினோம். முகப்புப் பக்கம் ஒரே அமைப்பில் இருக்கும். ஒவ்வொரு வாரப் பக்கத்தின் தலையிலும் நான்கு வரிகள் இருக்கும்: இந்த வாரம் என்ன செய்ய வேண்டும், ஏறத்தாழ எவ்வளவு நேரம் பிடிக்கும், எதை ஒப்படைக்க வேண்டும், என்றைக்குள். ஒப்படைப்பு எப்போதும் வாரப் பக்கத்தின் கடைசியில்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் பேராசிரியர் நினைவூட்டலாம், ஆனால் தளத்தில் இல்லாத எதையும் அங்கே புதிதாகச் சொல்லக் கூடாது. ஐயம் கேட்டு எழுதினால் இரண்டு வேலை நாட்களுக்குள் பதில் வரும். பெயர்களையும் ஒன்றாக்கினோம். ஒரு தாளில் அலகு, இன்னொன்றில் மாட்யூல், மற்றொன்றில் பாடம் என்று இருந்தது. மாணவரின் வாழ்க்கை வாரக் கணக்கில் ஓடுகிறது. பருவத் தேர்வின் வினாத்தாளோ அலகுக் கணக்கில் வருகிறது. அதனால் வெளிப்பெயர் வாரம் என்றும், அதன் பக்கத்திலேயே அலகு எண் என்றும் வைத்தோம். ஐந்து அலகுகளைப் பன்னிரண்டு வாரங்களில் எப்படிப் பிரிப்பது என்பதைப் பேராசிரியர் முடிவு செய்வார். ஒரு அலகுக்கு ஒரு வாரம் போதும், இன்னொன்றுக்கு நான்கு வாரம் வேண்டும் என்றால் அது அவர் உரிமை.

மாறாமல் இருக்க வேண்டியவற்றில் எழுத்துருவையும் சேர்த்தேன். இதைப் பலர் சின்ன விஷயம் என்று நினைத்தார்கள். பழைய பாடக்குறிப்புகள் பலவும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கணினிக்கு அது தமிழே இல்லை. பாமினியில் அம்மா என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஆங்கிலக் குறிகள். பார்வையற்ற மாணவர் ஒருவர் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை ஓடவிட்டு எங்கள் வரலாற்றுப் பாடக் கோப்பு ஒன்றைத் திறந்தபோது அருகில் இருந்தேன். பொருளற்ற எழுத்துகள் மடமடவென்று வந்து விழுந்துகொண்டிருந்தன. அவர் கோபப்படவில்லை, பழகிப்போயிருந்தார். ஒரு நண்பர் படித்துக்காட்டுவார் என்று சொன்னார். கணினி தமிழைத் தமிழாகவே அறியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடை ஏற்றுத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஆணை பிறப்பித்துவிட்டது. அப்படியிருக்க இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை என்பது என் நிலை. பேராசிரியர் எந்த எழுத்துருவில் கொடுத்தாலும் மாற்றித் தருவது எங்கள் வேலை, யூனிகோடு இல்லாத கோப்பு தளத்தில் ஏறாது. ஸ்கேன் செய்த பக்கங்களுக்கும் இதே விதிதான்.

இவ்வளவு இறுக்கத்துக்குப் பிறகு, உள்ளே தாராளமாக இருந்தோம். எங்களிடம் முன்பு இருந்த வார்ப்புரு கற்றல் நோக்கங்கள், காணொலி, வாசிப்பு, குறுந்தேர்வு, கலந்துரையாடல் என்ற வரிசையை ஒவ்வொரு வாரத்திலும் கட்டாயமாக்கியிருந்தது. சங்க இலக்கியத் தாள் நடத்தும் பேராசிரியை அதை ஏற்கவில்லை. முதலில் பாடல் காதில் விழட்டும், உரையும் விளக்கமும் நோக்கமும் பின்னால் வரட்டும் என்றார். புரியாத சொற்களோடு ஒருமுறை கேட்டு, எது புரிகிறது என்று மாணவர் தாமே இரண்டு வரி எழுதிய பிறகுதான் அவர் பேசத் தொடங்குவார். இதை வார்ப்புருவில் அடக்கினால் அவருடைய வகுப்பே போய்விடும். புள்ளியியல் பேராசிரியருக்கு இதற்கு நேர்மாறான தேவை. சராசரியும் விலக்கமும் தெரியாமல் அடுத்த வாரத்துக்குப் போனால் மாணவர் தொலைந்துபோவார். படிப்படியாகப் பூட்டு வேண்டும் என்று கேட்டார். மூடுலில் ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும்படி வைக்க முடியும். ஒன்றுக்கு ஒன்று உண்மையிலேயே அடிப்படையாக இருக்கும் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னோம். காணொலியைக் கடைசி நொடிவரை பார்த்தால்தான் திறக்கும் என்ற பூட்டை மட்டும் யாருக்கும் தரவில்லை. பஸ்ஸில் போகும்போது சிக்னல் அறுந்த ஒரே காரணத்துக்காக ஒருவர் வாரம் முழுவதும் வெளியே நிற்க நேரும்.

கலந்துரையாடலைப் பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயம் 2017-இல் வந்தபிறகு நான்கு கூறுகள் என்ற அமைப்பு நம் நாட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது: காணொலிப் பாடம், எழுத்துப் பாடம், கலந்துரையாடல், மதிப்பீடு. ஒரு பாடத்தில் இந்த நான்கும் இருக்க வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. அதை ஒவ்வொரு வாரமும் நான்கு பெட்டிகளையும் நிரப்பியாக வேண்டும் என்று எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்திருக்கிறேன். “இந்தப் பாடம் குறித்து உங்கள் கருத்தைப் பதிவிடுங்கள்” என்று ஒரு கேள்வி. “பாடம் மிகவும் பயனுள்ளதாக இருந்தது ஐயா” என்று நாற்பது பதில்கள். கருத்து வேறுபடக்கூடிய கேள்வி இருக்கும் வாரத்தில் மட்டும் கலந்துரையாடல் வைத்தபோது, ஒரு பருவத்துக்கு மூன்று நான்குதான் வந்தன. ஆனால் அவற்றில் மாணவர்கள் ஒருவருக்கொருவர் மறுப்பு எழுதினார்கள்.

இனி கெடு விஷயத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் நடைமுறை இதுதான்: தேதி கறாராக அறிவிக்கப்படும், யாராவது மின்னஞ்சலில் கேட்டால் பேராசிரியர் நீட்டித்துக் கொடுப்பார். மனிதநேயமான ஏற்பாடு போலத் தோன்றும். யார் கேட்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. ஏற்கெனவே கல்லூரியில் படித்தவர்கள், அலுவலகத்தில் மின்னஞ்சல் எழுதிப் பழகியவர்கள், பேராசிரியரிடம் போனில் பேசக் கூச்சப்படாதவர்கள் கேட்டார்கள். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் கேட்கவே இல்லை. கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் ஒரு மாணவி இரண்டு ஒப்படைப்புகளைத் தவறவிட்டிருந்தார். போனில் அழைத்துக் காரணம் கேட்டேன். அந்த இரண்டு வாரமும் இரவுப் பணி என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “தேதி போட்டிருந்ததே மேடம், அதற்குப் பிறகு கேட்பது தவறில்லையா?” என்றார். விதியை மதித்தவருக்குப் பூஜ்யம், மீறிக் கேட்டவருக்கு முழு மதிப்பெண் என்ற நிலை அது.

இதற்கு விடை எங்களுக்கு வெகு அருகிலேயே இருந்தது. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து இணையவழியில் நடத்தும் என்பிடெல் படிப்புகளில் 12 வாரப் பாடம் என்றால் 12 ஒப்படைப்புகளில் சிறந்த 8 மட்டும் கணக்கில் வரும். 8 வாரப் பாடத்தில் சிறந்த 6. அவற்றுக்கு 25 சதவீதம், நேரில் எழுதும் தேர்வுக்கு 75 சதவீதம். வாரக் கெடு யாருக்காகவும் நகராது. ஆனால் காய்ச்சலோ, கல்யாணமோ, இரவுப் பணியோ வந்தால் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் பட்டப் படிப்பிலும் இதே மனப்பாங்கைப் பார்க்கலாம். ஒரு பருவத்தில் எத்தனை பாடம் எடுப்பது என்பது மாணவர் கையில், அடித்தளம், டிப்ளமோ, பட்டம் என்று எந்தப் படியிலும் இறங்கிக்கொள்ளலாம். எடுத்த பாடத்தின் வாராந்திரக் கெடுவும், நேரில் வந்து எழுதும் தேர்வும் மட்டும் அசையாது.

நாங்கள் ஒரு தாளுக்கு ஆறு ஒப்படைப்புகள், அவற்றில் சிறந்த நான்கு என்று வைத்தோம். இதை மூடுலில் செய்யப்போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல் அமைப்பில், உயர்ந்த நான்கை மட்டும் வைத்துக்கொள் என்று சொல்ல வழி இருக்கிறது. ஆனால் வெற்று மதிப்பெண்களை விலக்கு என்ற குறியை எடுத்துவிட வேண்டும். அது இருந்தால், ஒரே ஒரு ஒப்படைப்பை நன்றாகச் செய்துவிட்டு மற்றவற்றைத் தொடாதவருக்கும் முழு மதிப்பெண் விழும். குறியை எடுத்துவிட்டால் பருவத்தின் தொடக்கத்தில் எல்லோருடைய கூட்டுத்தொகையும் மிகக் குறைவாகத் தெரியும். மாணவர் பதறிப்போவார்கள். அதனால் மதிப்பெண் பக்கத்தின் மேலேயே இரண்டு வரி விளக்கம் எழுதிவைக்க வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் இரண்டு தேதிகள். ஒன்று கெடு நாள், மற்றது வாயில் மூடும் நாள். நடுவில் மூன்று நாள் இடைவெளி, அபராதம் கிடையாது, காரணம் கேட்பதில்லை. மூன்று நாள் கொடுத்தால் எல்லோரும் மூன்றாம் நாள்தான் தருவார்கள் என்று சில பேராசிரியர்கள் சொன்னார்கள். ஓரளவுக்கு அப்படித்தான் நடந்தது. அதைச் சரிசெய்ய வணிகவியல் பேராசிரியர் ஒருவர் சொன்ன யோசனை நன்றாக வேலை செய்தது. கெடு நாளுக்குள் தருபவருக்கு மதிப்பெண்ணோடு விரிவான குறிப்புரையும் கிடைக்கும், இடைவெளியில் தருபவருக்கு மதிப்பெண் மட்டும் கிடைக்கும். மதிப்பெண்ணில் யாரும் இழப்பதில்லை. குறிப்புரை வேண்டும் என்று நினைப்பவர் முன்னதாகத் தருகிறார், முடியாதவர் பின்னால் தருகிறார். பேராசிரியருக்கும் திருத்தும் சுமை இரண்டாகப் பிரிந்தது.

ஒழுங்கு என்ற பெயரில் செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. எல்லாத் தாள்களின் கெடுவையும் ஞாயிறு இரவு என்று வைப்பது பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஐந்து தாள் எடுத்த மாணவருக்கு அந்த ஞாயிறு தாங்காது. கிழமையும் நேரமும் எல்லாத் தாளுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஒரு வாரம் இரண்டு தாள், மறுவாரம் மூன்று தாள் என்று மாற்றி அமைத்தோம். பொங்கல், தீபாவளி வாரங்களில் எதுவும் இல்லை. இப்படிச் செய்வதற்கு ஐந்து பேராசிரியர்களும் பருவம் தொடங்குவதற்கு முன்பே ஒரே அட்டவணையைப் பார்த்துத் தேதி குறிக்க வேண்டும். வடிவமைப்பு வேலையில் மிகக் கடினமானது அந்த ஒரு கூட்டத்தைக் கூட்டுவதுதான்.

குறுந்தேர்வுகளிலும் இதே முறைதான். குறித்த நாளில் மாலை ஆறு மணிக்குத் தேர்வு என்று வைத்தால் கடையில் நிற்பவரும் பணியில் இருப்பவரும் எழுத முடியாது. ஒரு வாரம் முழுவதும் திறந்து வைத்தோம், தொடங்கினால் நாற்பது நிமிடம். இரண்டு முறை எழுதலாம், உயர்ந்த மதிப்பெண் நிற்கும். மின்சாரம் போனது, நெட் போனது என்று வரும் மின்னஞ்சல்கள் பெருமளவு நின்றுபோயின.

ஒப்படைப்பின் வடிவத்தை மாணவரே தேர்ந்துகொள்ள விடுவதில் எனக்கு ஆர்வம் அதிகம். நாட்டுப்புறவியல் தாளில் கட்டுரை எழுதலாம், அல்லது பத்து நிமிட ஒலிப்பதிவாகப் பேசித் தரலாம் என்று வைத்தோம். தன் ஊரில் ஒரு பாட்டியிடம் தாலாட்டைப் பதிவு செய்து, ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் பேசி அனுப்பிய ஒரு மாணவரின் ஒப்படைப்பு, அந்தத் தாளுக்கு வந்த எந்தக் கட்டுரைக்கும் குறைந்ததில்லை. ஆனால் தெரிவு கொடுத்தவுடன் மாணவர் கேட்கும் முதல் கேள்வி, எதற்கு மதிப்பெண் அதிகம் கிடைக்கும் என்பதுதான். எனவே மதிப்பீட்டு அட்டவணை ஒன்றாகவே இருக்க வேண்டும். தரவு சேகரித்த விதத்துக்கு இவ்வளவு, விளக்கத்துக்கு இவ்வளவு, வாதத்துக்கு இவ்வளவு என்று இரண்டு வடிவத்துக்கும் பொதுவாக எழுதி, ஒப்படைப்பின் பக்கத்திலேயே வைத்தோம். தெரிவுகளும் இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்று நான்கு கொடுத்தால் எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே வாரம் போய்விடுகிறது.

இங்கே ஒரு எல்லையையும் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இணையவழிப் படிப்பிலும் தொடர் மதிப்பீட்டுக்கு அதிகபட்சம் 30 சதவீதம்தான், பருவத் தேர்வுக்குக் குறைந்தது 70 சதவீதம். எங்கள் பருவத் தேர்வு மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு. பருவம் முழுவதும் ஒலிப்பதிவாகவே ஒப்படைத்த மாணவர், தேர்வுக் கூடத்தில் பேனாவோடு உட்காரும்போது திணறுவார். நாம் கொடுத்த நெகிழ்வே அவருக்கு அரியர் வாங்கிக் கொடுத்துவிடும். ஆறு ஒப்படைப்புகளில் இரண்டைத் தேர்வுக் கேள்வி வடிவில், கையால் எழுதிப் போனில் படமெடுத்து அனுப்புவதாகக் கட்டாயமாக்கினோம். அவை இரண்டும் சிறந்த நான்கில் கட்டாயம் சேரும். சில மாணவர்கள் முணுமுணுத்தார்கள். இதில் நான் இறங்கி வரவில்லை.

பருவத்தின் நடுவில் பேராசிரியர்கள் மாற்றம் கேட்பார்கள், சில சமயம் நல்ல காரணத்தோடு. அதற்கு எங்கள் விதி மிகச் சுருக்கமானது: கெடுவைப் பின்னால் தள்ளலாம், முன்னால் இழுக்கக் கூடாது. மதிப்பெண் பங்கீடு மாறாது. புதிய வாசிப்பு சேர்த்தால் பழையது ஒன்றை எடுக்க வேண்டும். எந்த மாற்றமானாலும் வாரப் பக்கத்தின் தலையில் உள்ள அந்த நான்கு வரிகளில் முதலில் திருத்த வேண்டும், பிறகுதான் அறிவிப்பு.

இன்னும் கைக்குள் வராதது குழுப் பணி. நான்கு பேர் சேர்ந்து ஒரு ஆய்வு செய்ய வேண்டும் என்றால், ஒருவருக்கு இரவுப் பணி, ஒருவருக்குச் சனிக்கிழமை மட்டும் ஓய்வு, ஒருவர் துபாயில். தனித்தனியாகச் சமாளித்த நெகிழ்வெல்லாம் இங்கே ஒன்றோடொன்று மோதுகிறது. தனியாகச் செய்ய விடுங்கள் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். சமூகவியல் பேராசிரியர் அதை ஏற்கவில்லை. கள ஆய்வைப் பிறரோடு சேர்ந்து செய்யக் கற்பதே அந்தத் தாளின் நோக்கம் என்கிறார், அவர் சொல்வதும் சரி. வரும் பருவத்தில் குழுக்களை ஊர் வாரியாகப் பிரிக்காமல், ஓய்வு நேரம் ஒத்துப்போகிறவர்களைச் சேர்த்துப் பார்க்கப்போகிறோம். முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரும் தமக்கு எந்தக் கிழமை, எந்த நேரம் ஒழியும் என்பதைக் குறித்துத் தர ஒரு படிவம் தயாராகிவிட்டது. குழுவின் மதிப்பெண்ணில் பாதி கூட்டுவேலைக்கு, பாதி அவரவர் எழுதித் தரும் களக்குறிப்புக்கு என்று பேராசிரியரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.